தலைப்பு வராத புடவை

1

ரேவதி அனுப்பிய மூன்று படங்களிலும் ஒரே பட்டுப் புடவைதான் இருந்தது. கத்தரிப்பூ நிறம், மாம்பழ மஞ்சளில் கரை, உடல் முழுக்க ஜரிகையில் சின்னச் சின்ன அன்னங்கள். வேலைக்குப் போகப் பேருந்துக்குக் காத்திருந்த நான், போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "சூப்பர்" என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். அனுப்பிய கையோடு அவளே அழைத்துவிட்டாள்.

"இன்னா அண்ணி சூப்பர்? நல்லா பாத்துட்டுச் சொல்லுங்க. தலைப்பு எங்க கீது?"

மறுபடி பார்த்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அன்னங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. தோளில் போட்டுப் பின்னால் தொங்கவிடும் பகுதி, கல்யாண வீட்டில் நாலு பெண்கள் தொட்டுப் பார்த்து எங்கே எடுத்தது என்று கேட்கும் பகுதி, எந்த முனையிலும் இல்லை.

"தேசூர் பார்ட்டியோட முகூர்த்தப் பொடவை அண்ணி இது. கல்யாணத்துக்கு மூணு வாரம்கூட இல்ல. நீங்க எழுதிக் குடுத்தத அப்படியேதான் போட்டேன்."

பேருந்து வந்தது. நான் ஏறவில்லை.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். ரேவதி என் தம்பி கோபியின் மனைவி. தெள்ளார் பக்கத்துப் பெண், கம்ப்யூட்டரில் பட்டம் வாங்கியவள். ஆரணியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் ஆறு தறிகள் ஓடுகின்றன. பட்டு வாங்குவதும் புடவை விற்பதும் கோபியின் பாடு. தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிகளும், அவற்றை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரும் ரேவதியின் ராஜ்ஜியம். அங்கே கோபிகூடக் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பான்.

அந்தப் பெட்டிகளைச் செய்யும் ஜெர்மன் கம்பெனியில் நான் வேலை செய்கிறேன். டிசைனில் உள்ள ஒவ்வொரு வரிசைக்கும் எந்தெந்த இழையைத் தூக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்வதைப் பெட்டிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்கிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். எங்கள் கம்பெனியின் டிரைவர் என் பொறுப்பு. நான் வந்த புதிதில், மல்லிகாவுக்கு ஜெர்மனியில் டிரைவர் வேலை என்று கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர், பஸ்ஸா லாரியா என்று என் அம்மாவிடம் விசாரித்தாராம். அம்மாவும் யோசித்துவிட்டு, பஸ்ஸாகத்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறாள்.

2

அதே வாரத்தில்தான் நான் இந்த நாட்டுக்கு வந்த நாளும் வந்தது. பதினைந்து ஆண்டுகள் நிறைந்துவிட்டன. வருடா வருடம் அன்றைக்குக் கேசரி கிளறுவேன். இந்த முறை ரவை அடிப்பிடித்தது, மனம் தறியில் இருந்தது.

வந்த நாள் என்றாலே எனக்கு வெளிநாட்டவர் அலுவலகம்தான் ஞாபகம் வரும். ஊரில் நான் க. மல்லிகா. பள்ளிக்கூட வருகைப்பதிவிலிருந்து கல்லூரிச் சான்றிதழ் வரை அப்படித்தான். இங்கே மேசைக்கு எதிரே இருந்த அம்மாள் கேட்டார், குடும்பப் பெயர் என்ன? க, என்றேன். அது ஒரு எழுத்துதானே என்றார். க என்றால் கன்னியப்பன், என் அப்பாவின் பெயர், எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்று, பாடப்புத்தக ஜெர்மனில் வியர்க்க வியர்க்க விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு திரையைக் காட்டி, "இந்தக் கட்டம் காலியாக இருக்க முடியாது" என்றார்.

எனக்கு அப்போது வீடு வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், சம்பளம் வர வேண்டும். சண்டை போட நேரமில்லை. கன்னியப்பன் என்றே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு வருகிற தபாலெல்லாம் திருமதி கன்னியப்பனுக்கு வருகிறது. பல் டாக்டர் கிளினிக்கில், "திருமதி கன்னியப்பன், உள்ளே வாருங்கள்" என்று கூப்பிடும்போது, முறுக்கு மீசையோடு என் அப்பா எழுந்து போவது போல இருக்கும். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது, இப்போது ஒன்றும் வருவதில்லை. ஒன்றும் வராததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மகள் நிலாவுக்குப் பன்னிரண்டு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். சாப்பாடு, பள்ளிக்கூடம், சண்டை, எல்லாம் இப்படித்தான் நடக்கிறது. என் வேலையில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. டிரைவருக்கு நாம் கொடுக்கும் குறிப்புக்கு ஆப்ஷன் என்று பெயர்; வழக்கொழியப் போகும் பழைய ஆப்ஷனைக் கொடுத்தாலும் டிரைவர் ஏற்றுக்கொள்ளும். ஆனால் சீக்கிரம் இது எடுக்கப்படும் என்று ஒரு எச்சரிக்கையை ஓரமாக எழுதி வைக்கும். நிலா தமிழை அப்படித்தான் ஏற்றுக்கொள்கிறாள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

3

சிக்கலுக்கு வருகிறேன். எங்கள் டிரைவரின் பழைய ஆப்ஷன் ஒரே வரி. ஏழு, காற்புள்ளி, இரண்டு, காற்புள்ளி, ஒன்று என்று எண்களாகவே இருக்கும். ஏழு என்றால் என்ன, இரண்டு என்றால் என்ன என்று கம்பெனியிலேயே என்னையும் யென்ஸையும் தவிர யாருக்கும் தெரியாது. யென்ஸ் என் மூத்த சகா. நான் எழுதும் ஒவ்வொரு மாற்றத்தையும் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியவர். ரேவதி அந்த வரியை வீட்டுக் கதவு எண் மாதிரி மனப்பாடமாக வைத்திருந்தாள். தெருவில் வேறு யாராவது இந்தப் பெட்டியை வாங்கினாலும் அவளிடம்தான் வந்து கேட்பார்கள். ஓர் எண் இடம் மாறினால் தறி தாறுமாறாக நெய்யும்.

எண்களை எடுத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைப்போம் என்று கம்பெனியில் முதலில் சொன்னவள் நான்தான். ஒரு வருடம் பழையதும் செல்லும், புதியதும் செல்லும். அடுத்த பதிப்பில் பழையது எடுக்கப்படும். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் டிரைவர் ஓடாமல் நின்றுவிடும். எதை நம்புவது என்று அதற்குத் தெரியாது அல்லவா? அந்த விதியை எழுதியவளும் நான்தான்.

அந்த ஒரு வருடமும் டிரைவர் எழுதி வைத்த எச்சரிக்கையை ஆரணியில் யாரும் படிக்கவில்லை. தறி ஓடிக்கொண்டிருக்கும்போது எவன் உள்ளே போய்த் திறந்து பார்ப்பான்? போன மாதம் ஒரு மழை நாளில் மின்னல் வெட்டி ரேவதியின் கம்ப்யூட்டர் போய்விட்டது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, வரப்போகும் பதிப்பையே அதில் போட்டுக் கொடுத்தேன். வெளியாகும் முன் உண்மையான தறியில் ஓட்டிப் பார்த்த மாதிரியும் ஆகும் என்பது என் கணக்கு. புதிய ஆப்ஷன்களுக்குத் தமிழில் ஒரு விளக்கமும் எழுதி அனுப்பினேன். தமிழில் எழுதுகிறோம் என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

டிசைன் ஃபைலின் தொடக்கத்தில் ஹெட்டர் என்று இரண்டு வரிகள் இருக்கும். டிசைனின் பெயர், இழைகளைத் தூக்கும் ஹூக் எத்தனை, எத்தனை வரிசை என்ற விவரம். அது நெய்வதற்கு அல்ல; டிரைவர் அதைத் தாண்டிவிட்டு டிசைனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தாண்ட வேண்டிய வரிகள் எத்தனை என்பது புதிய ஆப்ஷன்களில் ஒன்று. ஹெட்டருக்குத் தமிழில் என்ன என்று யோசித்து, நான் எழுதினேன்: "தலைப்பு: எத்தனை வரி என்று எண்ணில் கொடுக்கவும்."

4

ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டில் தலைப்பு என்றால் என்ன என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தலைப்புக்கு எத்தனை வரி என்றால், அதை நெய்ய எத்தனை வரிசை என்றுதான் பொருள். ரேவதி டிசைனைத் திறந்து, மயிலும் கொடியுமாக இருந்த தலைப்பை ஒழுங்காக எண்ணி, அறுநூற்றுச் சொச்சத்தைப் போட்டிருக்கிறாள். டிரைவர் சொன்னதைக் கேட்டது. அறுநூற்றுச் சொச்சம் வரிசையையும் தாண்டிவிட்டு, நேராக அன்னங்களில் போய் நின்றது.

"நெய்யறப்பவே யாரும் பாக்கலையா?" என்று கேட்டேன்.

"அந்தோணி அண்ணன்தான் நெய்ஞ்சார். சில டிசைன்ல தலைப்பு மொதல்ல வரும், சிலதுல கடைசில வரும் இல்ல? புதுக் கம்ப்யூட்டர், புது மாதிரி, கடைசில வரும்னு நெனச்சிகினு நெய்ஞ்சிகினே இருந்திருக்காரு. வரும் வரும்னு பாத்தா டிசைன் முடிஞ்சே போச்சி. நான் ஜி.எஸ்.டி. வேலையா ஆடிட்டர் ஆபீசுக்கு அலைஞ்சிகினு இருந்தேன். வந்து பாத்தா, அவரு தறிக்கு முன்னால உக்காந்துகினு, ஏம்மா தலைப்பு எப்ப வரும்னு என்ன கேக்கறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ஆனால் அவள் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள்.

"அண்ணி, நான் ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க அங்க பொடவையே கட்டறதில்லையா?"

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கட்டுகிறேன் என்றேன். அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும். பிறந்த நாளிலிருந்து தலைப்பு என்றால் எனக்குப் புடவைத் தலைப்பு. அம்மா என் மூக்கைத் துடைத்த துணி. அது எப்போது கட்டுரைத் தலைப்பாக மாறியது? யாரும் என்னிடம் எச்சரிக்கை எழுதி வைக்கவில்லை, அல்லது எழுதி வைத்ததை நான் படிக்கவில்லை. அன்று சாயங்காலம் நிலாவிடம், "தலைப்புன்னா என்ன?" என்று கேட்டேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிற பிள்ளை. "டைட்டில்" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அவளை நான் என்ன சொல்வது? அலமாரியிலிருந்து ஒரு பட்டுப் புடவையை எடுத்து அவள் தோளில் போட்டு, "இதுதான் தலைப்பு" என்றேன். ஓ, பறக்கிற பகுதி, என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு, அதைப் போட்டுக்கொண்டே போய்க் கணக்குப் போட உட்கார்ந்தாள்.

5

இரண்டு என்று போடு, தறி ஓடும் என்று ரேவதியிடம் சொன்னேன். அவள் அதற்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். பிரச்சினை அது இல்லை.

"இந்த ஒரு வார்த்த தெரிஞ்சி போச்சி. இந்த மாதிரி இன்னும் எத்தினி வார்த்த உள்ள கீதுன்னு யாருக்குத் தெரியும்? ஆறு தறியும் நிறுத்திட்டேன் அண்ணி. பழசையே போட்டுக் குடுங்க. ஏழு, ரெண்டு, ஒண்ணு. புரியுதோ இல்லையோ, ஒழுங்கா ஓடுச்சி."

"பழசு அடுத்த மாசம் எடுத்துடுவாங்க ரேவதி."

"எடுத்தா தெருவுல கீற அத்தினி பேரும் என் வாசல்ல வந்து நிப்பாங்க. உங்கள யாரு கேக்கப் போறாங்க? என்னத்தான் கேப்பாங்க. அவங்க பொடவைக்கும் தலைப்பு வரலைன்னா நான் எந்த மூஞ்ச வச்சிகினு இந்தத் தெருவுல நடக்கறது?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. பழைய பதிப்பை அனுப்ப எனக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அடுத்த கம்ப்யூட்டர் போகும்போது அது ஓடாது, அப்போது நான் இந்த வேலையில் இருப்பேனா என்பதும் தெரியாது. தள்ளிப்போட்டால் இதே பேஜார் இன்னொரு கல்யாணத்துக்கு முன்னால் வந்து நிற்கும். மூன்று நாள் பொறு, முடியவில்லை என்றால் பழையதையே தருகிறேன் என்றேன். அவள் சரி என்று சொல்லவில்லை. "பாப்போம்" என்றாள்.

யென்ஸ் நேர் எதிர்த் திசையில் நின்றார். பயனர் தவறான எண் கொடுத்தார், விளக்கத்தைத் திருத்து, பதிப்பை வெளியிடுவோம் என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். பதினைந்து வருடமாக இந்த மாதிரி இடங்களில் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டிப் பழகியவள் நான். ஜெர்மனில் மறுத்துப் பேசினால் வேற்றுமை உருபுகள் தாறுமாறாகிவிடும் என்ற பயமும் ஒரு காரணம். அன்றைக்கு உருபு போனால் போகட்டும் என்று எழுந்து நின்றேன். என் கழுத்துத் துண்டைத் தோளில் போட்டுக் காட்டினேன். இது தலைப்பு. இது இல்லாத புடவையைக் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்க முடியாது. இந்தச் சொல்லை எழுதியவள் அந்த ஊர்க்காரியான நான். சொல்லில் தப்பு வருவது இருக்கட்டும், அறுநூறு வரிசையைத் தாண்டு என்றால் நம் டிரைவர் ஒரு கேள்வி கேட்க வேண்டாமா? ஃபைலிலேயே எத்தனை வரிசை என்று எழுதியிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துவராவிட்டால் ஓட மாட்டேன் என்று சொல்ல வேண்டாமா?

யென்ஸ் என் துண்டைப் பார்த்தார். "தலை இல்லாத துணியாகப் போயிற்றா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "திங்கட்கிழமைக்குள் எழுதி, உண்மையான தறியில் சோதித்தும் காட்டினால் சேர்ப்போம். இல்லாவிட்டால் பதிப்பு இப்போதிருக்கிறபடியே வெளியாகும்."

6

எழுதுவது ஒரு நாள் வேலை. ஃபைலில் உள்ள வரிசைகளை எண்ணு, சொன்னதோடு ஒப்பிடு, பொருந்தாவிட்டால் நில், எந்த ஆப்ஷன் தப்பு என்று பெரிதாகத் திரையில் சொல். ஓரமாக எச்சரிக்கை எழுதி வைக்கும் வேலையே வேண்டாம். கடினமாக இருந்தது தமிழ்தான். சனிக்கிழமை காலை ரேவதியும் நானும் போனில் உட்கார்ந்து, விளக்கத்தில் இருந்த ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தோம்.

"கொக்கின்னு போட்டிருக்கீங்க. ஹூக்குன்னே போடுங்க அண்ணி. யாரும் கொக்கின்னு சொல்றதில்ல."

போட்டேன்.

"வரிசைக்கு அட்டைன்னு போடுங்க. கம்ப்யூட்டர் வந்தாலும் அட்டை அட்டைதான்."

துளை போட்ட அட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டு நெய்த பேச்சு இன்னும் தறியில் ஓடுகிறது. அதையும் மாற்றினேன். ஹெட்டருக்கு வந்தோம். "பெயர் வரின்னு வச்சா? டிசைன் பேரு இருக்கிற வரி."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "வரியா? இப்பதான் ஒரு வரி கட்டிட்டு வந்தேன், பேருக்கும் வரியா? அந்தோணி அண்ணன் கேட்டா தறிய விட்டு எறங்கி ஓடிடுவாரு."

எனக்குத் தெரிந்த நல்ல தமிழ்ச் சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். முகப்பு என்றேன், கடை வாசலா என்றாள். முன்னுரை என்றேன், பத்தாங்கிளாஸ் பரீட்சையா என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீயே சொல்லேன், அதுல டிசைன் பேரு இருக்கு, நம்பர் இருக்கு, விவரம் இருக்கு, ஆனா நெய்யக் கூடாது. அதுக்கு என்னதான் சொல்றது?"

"ஆதார்" என்றாள்.

"என்ன?"

"பேரு கீது, நம்பரு கீது, விவரம் கீது. டிசைனோட ஆதார் கார்டுதான அது? ஆதார் ரெண்டு அட்டைன்னு போடுங்க. சின்னக் கொழந்தைக்கும் புரியும். ஆதாரப் போயி எவனாவது நெய்வானா?"

நெய்ய மாட்டான். தமிழ் விளக்கத்தில் ஆதார் என்றே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை புதிய டிரைவரை அவளுக்கு அனுப்பினேன். சரியான எண்ணைப் போட்டுப் பார்ப்பாள் என்று நினைத்தால், அவள் வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் போட ஆரம்பித்தாள். அறுநூறு போட்டாள். பூஜ்யம் போட்டாள். ஹூக் எண்ணிக்கையை மாற்றினாள். பழைய ஏழு, இரண்டு, ஒன்றையும் புதியதையும் சேர்த்துப் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. எல்லாவற்றிலும் ஒரே கூச்சல்.

"ஓடல அண்ணி! ஓடவே மாட்டேங்குது! இன்னா திமிரு பாருங்க அதுக்கு!"

என் வாழ்க்கையில் நான் எழுதிய புரோகிராம் ஓடவில்லை என்று ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கடைசியாகச் சரியானதைப் போட்டாள். அந்தப் பதிவில் பேச்சே இல்லை. தறியின் சத்தம் மட்டும்தான், நடுவில் அந்தோணி அண்ணன் யாரிடமோ டீ கேட்டார்.

அடுத்த வாரம் படம் வந்தது. கத்தரிப்பூ நிறத்தில் மயிலும் கொடியுமாகத் தலைப்பு முதலிலேயே இறங்கியிருந்தது. தேசூர்க்காரர்கள் குறித்த நாளில் வந்து, விரித்துப் பார்த்து, தலைப்பைத் தடவி, எடுத்துக்கொண்டு போனார்கள். தலைப்பில்லாததை ரேவதி பாவாடைத் துணியாக வெட்டி, நிலாவுக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறாளாம்.

7

பழைய ஆப்ஷன்களை எடுக்கும் மாற்றத்தை யென்ஸுக்கு அனுப்பும் நாள். எங்கள் வழக்கப்படி அதன் அடியில், உண்மையான கருவியில் சோதித்துப் பார்த்தவர் யார் என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி டிரைவரோடு என்றைக்கும் இருக்கும். கோ. ரேவதி, ஆரணி என்று எழுதி, அவளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

அவள் படத்தைப் பார்த்துவிட்டு அழைத்தாள்.

"அண்ணி, கோ. கரெக்டுதான், உங்க தம்பி பேருதான். ஆனா நான் கம்ப்யூட்டர் படிச்சது மு. ரேவதில. சர்டிபிகேட்ல எங்கப்பா எழுத்துதான் கீது. எங்கப்பா படிக்க வச்சாரு இல்ல?" கொஞ்சம் தயங்கினாள். "ரெண்டையும் போட முடியுமா? வேணாம் விடுங்க. பழசும் புதுசும் சேந்து வந்தா ஓடாதுன்னு நீங்கதான வச்சிருக்கீங்க."

"அது டிரைவருக்கு" என்றேன்.

கோ. மு. ரேவதி, ஆரணி என்று மாற்றி அனுப்பினேன். மத்தியானம் யென்ஸிடமிருந்து கேள்வி வந்தது. எல்லாம் சரி, சோதித்தவரின் பெயரில் மட்டும் எனக்குக் குழப்பம், இதில் குடும்பப் பெயர் எது, என்று கேட்டிருந்தார்.

திருமதி கன்னியப்பன் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு க. மல்லிகா பதில் எழுதினாள்: குடும்பப் பெயர் கிடையாது. அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.